வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும் தலைமை ஆசிரியர் ஐயாவுக்கும்,

ஜூலை இரண்டாவது வாரத்தில் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் சுற்றறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடில் நடந்துவந்த நீதிபோதனை வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இனி கிடையாது. அந்த 40 நிமிடத்தில் நீட், ஜேஇஇ அடித்தள வகுப்பு நடக்கும். வெளியிலிருந்து ஆள் வருவார்கள். கட்டணம் தனி. குழுவில் 38 பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் என் விரலும் ஒன்று. நைட் டியூட்டியில் ட்ரிப்ஸ் பாட்டில் மாற்றப் போகிற அவசரத்தில் பாதி படித்துவிட்டுப் போட்டது.

அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் உங்கள் பள்ளியின் பழைய மாணவி. 1996இல் பத்தாம் வகுப்பு முடித்தேன். இப்போது வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். என் மகள் உங்களிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சுற்றறிக்கை வந்த வாரமே பள்ளிக்கு வந்து காரணம் கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னீர்கள், அதை மறுக்கவில்லை. பிள்ளைகளின் எதிர்காலம் என்றீர்கள். நீதிபோதனை என்று வைத்தாலே ஒருவர் வந்து ஏன் சுலோகம் சொல்லித் தரவில்லை என்கிறார், இன்னொருவர் எதற்குப் பைபிள் கதை என்கிறார், இந்த வம்பே வேண்டாம் என்றீர்கள். நான் எழுந்து வெளியே வரும்போது, “நல்ல குணமெல்லாம் வீட்டுல சொல்லிக் குடுக்க வேண்டியதும்மா” என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஜூன் கடைசியில் ஒன்பதாம் வகுப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பையன். அவன் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் முந்தின நாள் ராத்திரி வெளியே தள்ளும் அட்டையையும் பிளாஸ்டிக் கவரையும் விடியற்காலையில் வாருபவர். மதிய இடைவேளையில் ஒருவன் பையிலிருந்து பாடி ஸ்ப்ரேயை எடுத்திருக்கிறான். அந்தப் பையனின் புத்தகப் பை மேல் அடித்தான், டிபன் பாக்ஸ் மேல் அடித்தான், அப்புறம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் அடித்தான். “கொடுங்கையூர் ஸ்மெல்லு போவலடா” என்றானாம். ஊர்க் குப்பையைக் கொட்டும் கிடங்கு அங்கேதான். வகுப்பே சிரித்தது.

சிரித்தவர்களில் என் மகளும் ஒருத்தி. என்னிடம் அவள் இதைச் சொன்னதே ஜோக்காகத்தான். நான் ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். “டிபன் பாக்ஸ்ல என்ன இருந்தது?” என்று மட்டும் கேட்டேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. “தெரியலம்மா. அவன் சாப்பிடல” என்றாள்.

வீட்டில் நல்ல குணம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் ஐயா. பிச்சைக்காரருக்குக் காசு போடச் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். 45 பேர் ஒன்றாகச் சிரிக்கும்போது தனியாகச் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று என்னால் சமையலறையில் வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியாது. அதற்கு அந்த 45 பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். அந்த அறை உங்களிடம்தான் இருக்கிறது.

அந்தப் பையன் 11 நாள் பள்ளிக்கு வரவில்லை. அவன் திரும்பி வருவதற்குள் உங்கள் சுற்றறிக்கை வந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். இருக்கலாம்.

ஸ்ப்ரே அடித்தவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருஷம் ஆண்டு விழாவில் ‘அருளுடைமை’ அதிகாரத்தின் பத்துக் குறளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினானே, அவன்தான். நானும் கைதட்டினேன். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 14 வயசு. அந்தப் பத்துக் குறளையும் அவன் பொய்யாகவும் சொல்லவில்லை. சொன்னதற்கும் அந்த மதிய இடைவேளைக்கும் நடுவில் பாலம் போட யாரும் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். டார்லி, பேட்சன் என்று இரண்டு உளவியலாளர்கள், 1973இல் வெளியிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியார் ஆகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு உரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒரு சந்தில் ஒரு ஆள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருமி முனகிக் கிடக்கிறான். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்தான், மாணவர்களுக்குத் தெரியாது. யார் நின்று உதவினார்கள்? தலைப்பினால் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. “நேரம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள்” என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்றார்கள். “சீக்கிரம், ஏற்கெனவே லேட்” என்று விரட்டப்பட்டவர்களில் நின்றவர்கள் 10 விழுக்காடு. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போன அவசரத்தில் அந்த ஆளைத் தாண்டிக் கால் வைத்துப் போனவர்களும் உண்டாம்.

பயிற்சி வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த ஆளைத் தாண்டிப் போனவள்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு இரவு. வார்டில் கூட்டம், தரையிலும் பாய் போட்டிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர், “சிஸ்டர், கொஞ்சம் தண்ணி” என்றார். “தோ வரேம்பா” என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு கேஸ் மூச்சுத் திணறலில் வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒருவருக்கு ரத்தம் ஏற்றியதில் நடுக்கம். திரும்ப அந்த ஜன்னல் பக்கம் வந்தபோது காலை ஐந்தரை. எவர்சில்வர் தம்ளர் ஜன்னல் விளிம்பில் மூடி போட்டபடி அப்படியே இருந்தது. தண்ணீரும் இருந்தது. அவர் கைக்கு ஒரு சாண் எட்டவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு இரக்கம் இல்லாமலா? இருந்தது. நேரம் இல்லை. அந்த ஒரு சாண் தூரம் என் கண்ணில் படுகிற அளவுக்கு என் புத்தி நிதானமாக இல்லை. மருத்துவமனையில் அது ஆள் பற்றாக்குறையால் வருகிறது. அதற்கு வேறு இடத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் அவசரத்தை நீங்களே விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாரத்தில் 40 பீரியட். அதில் எதற்கும் ஓட வேண்டாத பீரியட் ஒன்றே ஒன்று இருந்தது.

அந்த ஒன்றில் என்னதான் நடந்தது என்று நிர்வாகக் குழுவில் புதிதாக வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. என் காலத்தில் அதை எடுத்தவர் கணக்கு வாத்தியார். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் அவர் தலையில் கட்டினார்கள் என்று கேள்வி. சாமி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர். விபூதி பூசியவனும், ஜெபமாலை போட்டவளும், வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து அத்தர் வாசனையோடு வருபவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கொரு 40 பக்க நோட்டு. போர்டில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார்: ‘இந்த வாரம் யாரைப் பார்க்காமல் தாண்டி வந்தாய்?’

ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த வாரம் அதன் கீழே, அதற்கு என்ன செய்தோம் என்று இன்னொரு வரி. ஒன்றும் செய்யவில்லை என்றால் அப்படியே எழுதலாம், திட்ட மாட்டார். நோட்டைத் திருத்த மாட்டார், சத்தம் போட்டுப் படிக்கவும் மாட்டார். எழுதி முடித்ததும் விருப்பமிருப்பவர்கள் பேசலாம். மற்ற நேரம் அவர் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில், ‘கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வெள்ளரிக்காய் விற்கும் ஆயா’ என்று இருக்கிறது. அடுத்த வாரம்: ‘பேர் கேட்டேன். சொல்லவில்லை. இன்னாத்துக்கு என்றார்.’ அதற்கடுத்த வாரம்: ‘சொன்னார்.’ பேரை நோட்டில் எழுதவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

இன்னொரு பக்கத்தில் ஒரே சொல், ‘அப்பாவை.’ அவர் வேலை பார்த்த மில்லை மூடியிருந்த நேரம். திண்ணையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவோம், தூணைச் சுற்றிப் போகிற மாதிரி. அடுத்த வாரம் எழுதியிருக்கிறேன்: ‘டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை ஜாஸ்தி ஆகிவிட்டது. குடித்தார்.’

அதைப் பற்றி வகுப்பில் பேச எழுந்து அழுதுவிட்டேன். வாத்தியார் தலையை நிமிர்த்தி, “அழுதா அழு. முடிஞ்சதும் நாளைக்கு அவருக்கு இன்னா செய்யப்போறேன்னு யோசி” என்றார். அப்போது அது கல்மனசுக்காரர் பேச்சாகத் தோன்றியது. வார்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வொருவர் வலியையும் நம் உடம்புக்குள் வாங்கிக்கொண்டால் ஒரு மாதம் தாங்க மாட்டோம். அப்படி வந்த நல்ல பெண்கள் சிலர் வேலையை விட்டே போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் தானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு இதைப் பரிசோதித்திருக்கிறது. பிறர் வலியைத் தானும் உணரப் பழகியவர்களுக்கு மனச்சுமை கூடியது. அதே ஆட்களுக்கு அடுத்து, வலிப்பவர் நலம் பெற வேண்டும் என்று அன்போடு நினைக்கப் பயிற்சி கொடுத்தபோது மனம் தெம்பானது. மூளையில் வேலை செய்த பகுதிகளே வேறாக இருந்தன. கணக்கு வாத்தியாருக்கு மூளை ஸ்கேன் எதுவும் தெரியாது. ஆனால் பரிவு என்பது பழக்கினால் வருவது, வாய்ப்பாடு மாதிரி, என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள். பழகினால் வரும் என்று தெரிந்த ஒன்றை, பிறவிக் குணம் மாதிரி வீட்டுத் தலையில் எப்படிக் கட்டுகிறீர்கள்?

சரி, மத வம்புக்கு வருகிறேன்.

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் டியூட்டிக்குப் போனால் அன்றைக்கு முழுக்க ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அதனால் மதத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. ஆனால் 20 வருஷமாக வார்டில் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிற நோயாளிக்குச் சளி உறிஞ்சும் குழாயைப் போடும்போது ஒருத்தி வாய்க்குள் “ஏசப்பா” என்பாள், ஒருத்தி “முருகா” என்பாள், ஒருத்தி ஒன்றுமே சொல்ல மாட்டாள். கை ஒரே வேகத்தில்தான் போகும். சோம்பேறிகளும் எல்லாச் சாமியிடமும் இருக்கிறார்கள், சாமியே இல்லாதவர்களிலும் இருக்கிறார்கள். அந்தக் கையைப் பழக்குவது பற்றித்தான் பேசுகிறேன். வாய் என்ன முணுமுணுக்க வேண்டும் என்பது அவரவர் வீட்டு விஷயம்.

எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துவது என்று கேட்டீர்கள். அரசியல் சாசனத்தை வையுங்கள். 1976இல் சேர்த்த 51ஏ பிரிவில், உயிர்களிடம் பரிவு காட்டுவதும் அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் வளர்ப்பதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று இருக்கிறது. அதில் எந்தக் கடவுளின் பேரும் இல்லை, எந்தக் கடவுளுக்கும் அதில் ஆட்சேபணையும் இருக்காது. நம்மைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளியில் மதபோதனை நடந்தாலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. நான் கேட்கும் வகுப்பில் அந்தச் சிக்கலே எழாது. 2018 ஜூலையில் டெல்லி அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மகிழ்ச்சிக்கென்று ஒரு பாடவேளையைத் தொடங்கினார்கள். பரீட்சை கிடையாது, மந்திரம் கிடையாது, பிரார்த்தனை கிடையாது. தொடங்கி வைத்தவர் தலாய் லாமா. ஒரு மதத்தின் குருவாக இருந்துகொண்டே, நல்லொழுக்கத்துக்கு மதம் அவசியமில்லை என்று ஊர் ஊராகச் சொல்லி வருபவர். மகிழ்ச்சிக்கு ஒரு பீரியடா என்று முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. வேதியியலுக்கு ஆறு இருக்கும்போது இதற்கு ஒன்று இருந்தால் என்ன?

அவ்வளவு தூரம் போவானேன். நம் பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏழுகிணறு வீராசாமித் தெரு. வள்ளலார் இளமையில் இருந்த வீடு அங்கேதான். அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வருவார். அவர் பெரிய பக்தர். ஆனாலும் 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்தபோது, பசி என்று வருகிறவரிடம் சாதி என்ன, சமயம் என்ன என்று கேட்கச் சொல்லவில்லை. அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. அவர் பிறந்த அக்டோபர் 5ஐ 2021 முதல் அரசு ‘தனிப்பெருங்கருணை நாள்’ என்று கொண்டாடுகிறது. நம் பள்ளியிலும் பேச்சுப் போட்டி வைக்கிறீர்கள். தலைப்பு கருணை, நேரம் மூன்று நிமிடம், மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஆபத்து என்று வந்தால் நம் ஜனங்கள் தானாக ஒன்றுகூடி விடுவார்கள், இதையெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் வாதாடினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைப் பார்த்தோமே என்றார். பார்த்தேன். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். யாரோ முன்பின் தெரியாதவர் மீன்பாடி வண்டியில் பால் பாக்கெட் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மாடி வீட்டுக்காரர் கீழ்வீட்டுக் குடும்பத்தை அழைத்துக் கூடத்தில் படுக்க வைத்தார், நான்கு நாள். ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. ஆறாம் நாள் அதே இரண்டு வீட்டுக்காரர்களும் மோட்டார் போட்ட கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வெள்ளத்தில் நல்லவராக இருப்பது சுலபம் ஐயா. வடிந்த பிறகுதான் கஷ்டம்.

கடைசியாக, எதிர்காலம். நீட் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு மடலுக்கான விஷயம். பிள்ளைகள் டாக்டர் ஆகட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் டாக்டர் ஆகிற பிள்ளைகள் முதலில் எங்கள் வார்டுக்குத்தான் வருகிறார்கள். ஒரு பாட்டிக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை ஊசியை மாற்றி மாற்றிக் குத்திவிட்டு, “பதினாலாம் பெட்டுக்கு வெயின் கிடைக்கலை” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிற பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். அதே மூன்று தடவை குத்திவிட்டு அந்தக் கையை ஒரு நிமிஷம் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, “சாரி பாட்டி, வலிக்குதா” என்று கேட்கிற பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் இருந்திருக்கும். நாலு வருஷத்தில் முதல் பிள்ளைதான் அதிகமாக வாடிப்போகிறது. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில், பேர் சொல்லாமலே வேலை பார்த்து.

எனக்கு அரசு வேலைக்கான ஆர்டர் வந்த அன்று தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தோம். அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் இருந்தது என்று யோசித்துப் பார்த்தால், தீபாவளி வரைக்கும் இருந்திருக்கும். அப்புறம் அது சம்பள நாள், இன்க்ரிமெண்ட், டிரான்ஸ்ஃபர் கவலை. இன்னொன்று இருக்கிறது. பொன்னேரிப் பக்கத்திலிருந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு ஆயா. கூட யாரும் இல்லை. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஒருநாள் காலை ஐந்து மணிக்கு, ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால், கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. தேங்காய் எண்ணெய் வைத்து அரை மணி நேரம் சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். முடித்ததும் அவர் தன் வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்து மூடினார். “வச்சிக்கம்மா, அவசரத்துக்கு ஆவும்.” அது 11 வருஷமாக என் கைப்பையில் இருக்கிறது. எத்தனையோ அவசரம் வந்துவிட்டது, அதை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி 80 வருஷத்துக்கும் மேலாக ஒரே குழுவினரின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். முதுமையில் யார் உடம்பாலும் மனதாலும் நன்றாக இருக்கிறார்கள் என்று தேடியதில், மற்றவர்களோடு இருந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதுதான் பெரிதாக நின்றது; பணமோ புகழோ அந்த இடத்துக்கு வரவில்லை. எதிர்காலம் என்று நீங்கள் சொல்லும்போது நான் அந்த முதுமை வரைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்.

இனி நான் கேட்பது.

வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புக்கும் திருப்பிக் கொடுங்கள். அடித்தள வகுப்பு வேண்டுமென்றால் பள்ளி விட்ட பிறகோ சனிக்கிழமையோ வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு நெருங்குகிறது, போர்ஷன் முடியவில்லை என்று அந்தப் பீரியடை யாரும் கடன் வாங்கக் கூடாது. இதை எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் முதலில் கடன் கேட்கப் போவது கணக்கும் அறிவியலும்தான். அந்த வகுப்பில் பிள்ளைகளை மதம் பார்த்து வேறு வேறு அறைக்கு அனுப்பாதீர்கள். எந்த மதப் பிரார்த்தனையும் வேண்டாம், எந்த மதத்தையும் மட்டம் தட்டவும் வேண்டாம். மார்க் போடாதீர்கள். கிரேடும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம், சிறந்த கருணையாளர் கேடயம் கண்டிப்பாக வேண்டாம்.

ஸ்ப்ரே சம்பவத்தை “பசங்க விளையாட்டு” என்று மூடிவிட்டீர்கள். அதைத் திறக்க வேண்டும். தண்டனை கொடுக்கச் சொல்லவில்லை, டி.சி. கொடுத்து அனுப்பினால் ஸ்ப்ரே அடித்தவன் இதையே அடுத்த பள்ளியில் செய்வான். வகுப்பாசிரியர் முன்னிலையில் அந்த 45 பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். பாதிக்கப்பட்ட பையன் விரும்பினால் மட்டும் அவன் இருக்கட்டும். அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்கிறேன் என்று இன்னொரு தடவை வேடிக்கைப் பொருள் ஆக்கிவிடாதீர்கள். அவன் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும் என்று என் மகளே கேட்டாள். அவன் அம்மா சரி என்றால் அழைத்துப் போவேன்.

இன்னொன்று. அந்த அம்மா பிள்ளைக்காக உங்களைப் பார்க்க வந்த அன்று நான் ஃபீஸ் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். ஆபீஸ் வாசற்படியில் நின்றபடியே பத்து நிமிடம் பேசினார், நின்றபடியே கேட்டுக்கொண்டார், போய்விட்டார். உள்ளே மூன்று நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்ல உங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே கொண்டுவந்தார்கள். பள்ளி கடை இல்லை என்பது தெரியும். இருந்தாலும் ஆபீஸ் வாசலில் வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலியும், நம் ஆயாம்மாக்கள் இருவரும் காலையிலிருந்து நிற்கும் அந்தப் படிக்கட்டுக்கு அடியில் ஆளுக்கொரு நாற்காலியும் போடுங்கள். இதற்குக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட வேண்டியதில்லை.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு முன்னால் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், அங்கே எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிவிடுவோம். வகுப்பு எடுக்க ஆசிரியர் இல்லை என்று பதில் வந்தால் அதற்கும் வழி சொல்கிறேன். என் வார ஓய்வை வெள்ளிக்கிழமைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்துவிட்டால் மூன்று மணிக்குப் பள்ளி கேட்டில் இருப்பேன். பாரிமுனையில் மொத்த விலைக்கு 40 பக்க நோட்டு 50 வாங்கி வைத்தாயிற்று.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
பழைய வண்ணாரப்பேட்டை